ஈலியம் எந்த அடுப்பில் சமைந்தது?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நடனமும் நாடகமும் நிறைந்த ஒரு புத்தாண்டு விழாவின் நடுவிலே ஒரு விஞ்ஞானப் பேச்சையும் வைத்திருக்கினம். சங்கத்தாரின் துணிவைப் பாராட்டத்தான் வேணும். சாப்பாட்டு நேரம் நெருங்குது என்பது எனக்கும் தெரியும். ஆனபடியால் ஒரேயொரு கேள்வியை மட்டும் கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெருவெடிப்பைப் பற்றிப் படித்துவிட்டு வந்து வீட்டில் சொல்லுகிறார்கள். நாங்கள் வழக்கமாக இரண்டு மறுமொழி சொல்லுவோம். ஒன்று, "இதெல்லாம் எங்கட ஆக்கள் அப்பவே சொன்னதுதான்." மற்றது, "அது ஒரு கொள்கைதானே, வேற கொள்கையளும் இருக்கு." முதலாவதை இன்றைக்கு விட்டுவிடுவோம். இரண்டாவது மறுமொழியில் உண்மை இருக்கிறது. வேறு கொள்கைகள் இருந்தன. அவற்றை முன்வைத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. உலகத்தின் தலைசிறந்த பௌதிக அறிஞர்களில் சிலர். ஆனால் "வேற கொள்கை இருக்கு" என்று சொல்லிவிட்டு நாங்கள் அதோடு எழும்பிப் போய்விடக் கூடாது. அந்தக் கொள்கை என்ன சொல்லுது, கணக்கு ஒத்து வருகுதா என்றும் கேட்க வேணும். அதைத்தான் இன்றைக்குக் கேட்கப் போகிறோம்.

கேள்வி இதுதான்: உலகத்தில் உள்ள இலேசான மூலகங்கள், அதாவது ஐதரசன், ஈலியம், இலிதியம் போன்றவை, எங்கே உண்டாகின? பெருவெடிப்பை ஏற்காதவர்கள் இதற்கு என்ன விடை சொன்னார்கள்?

முதலில் சாமான் கணக்கு

ஒரு கணக்குக் கேட்கப் போனால் முதலில் கைவசம் என்ன இருக்குது என்று எண்ண வேணும். அண்டத்தில் உள்ள சாதாரணச் சடப்பொருளை நிறுத்துப் பார்த்தால், நூறு இறாத்தலில் ஏறக்குறைய எழுபத்தைந்து இறாத்தல் ஐதரசன். இருபத்தைந்துக்குக் கிட்ட ஈலியம். நாங்கள் மூச்சில் இழுக்கிற ஒட்சிசன், எலும்பில் உள்ள கல்சியம், தாலிக்கொடியில் உள்ள பொன், இவை எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு இறாத்தல்தான்.

இவற்றைவிட மிகச் சிறிய அளவில் இன்னும் சில பொருட்கள் உண்டு. பார ஐதரசன் என்று ஒன்று. சாதாரண ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன் மட்டும்தான். பார ஐதரசனில் அதோடு ஒரு நியூத்திரனும் ஒட்டிக்கொண்டிருக்கும். 1931 இல் ஹரோல்ட் யூரி இதைக் கண்டுபிடித்தார். எங்கட கடல்நீரில் ஏறக்குறைய 6,400 ஐதரசன் அணுவுக்கு ஒன்று இந்த வகை. 200 மில்லிலீற்றர் கொள்ளுகிற ஒரு தம்ளர் தண்ணீரில் ஏழு மில்லிகிராம் அளவு இருக்கும். அதற்கு அடுத்ததாக இலிதியம், பெரிலியம், போரன். இவை அதைவிட அரிது.

ஈலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் எங்கட பக்கத்து மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 ஆம் திகதி வந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, பிரான்ஸ் நாட்டு ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளின் ஒளியை அங்கே ஆராய்ந்தார். அதே வருடம் இங்கிலாந்தில் லொக்கியர் அந்த ஒளியில் இருந்த ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்துக்கொண்டார். பூமியில் எந்தப் பொருளும் தராத கோடு அது. சூரியனுக்குரிய கிரேக்கச் சொல்லில் இருந்து ஈலியம் என்ற பெயர் வந்தது. பூமியில் அந்தப் பொருளை 1895 இல்தான் ராம்சே பிடித்தார்.

ஒரே அடுப்பு போதாது

இவை எல்லாம் எங்கே சமைந்தன என்று கணக்குப் போட முயன்றவர்களில் ஒரு தமிழரும் இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவரும் லூயிஸ் ஹென்ரிச் என்பவரும் 1942 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லா மூலகமும் ஒரே வெப்பத்திலே, ஒரே அடர்த்தியிலே, நிதானமாக அவிந்து வந்திருந்தால் எந்த அளவு கிடைக்கும் என்று பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கோடி பாகை வெப்பம் வைத்தபோது நடுத்தரமான சில மூலகங்கள் ஓரளவு ஒத்து வந்தன. இரும்புக்கு மேலே போனதும் கணக்கு முழுக்கப் பிழைத்தது. ஒரே அடுப்பில், ஒரே சூட்டில் எல்லாப் பண்டத்தையும் செய்ய முடியாது என்பதை அந்தக் கட்டுரை காட்டியது.

1948 ஏப்ரலில் ரால்ஃப் அல்ஃபர், ஹான்ஸ் பெத்தே, ஜோர்ஜ் காமோவ் ஆகிய மூன்று பேரின் பெயரில் வேறொரு யோசனை வந்தது. அண்டம் மிகச் சூடாகவும் நெருக்கமாகவும் தொடங்கி, வேகமாக விரிந்து ஆறியது. அந்த ஆறுகிற சில நிமிடங்களுக்குள்ளேயே எல்லா மூலகமும் சமைந்துவிட்டன என்றார்கள். யோசனை நல்லது. ஆனால் வழியில் ஒரு பள்ளம். ஐந்து துகள் சேர்ந்த கருவும் எட்டுத் துகள் சேர்ந்த கருவும் நிலைத்து நிற்பதில்லை. உண்டான உடனேயே உடைந்துவிடும். படி இரண்டு உடைந்த ஏணி மாதிரி. ஈலியம் நாலாவது படி. அதற்கு மேலே இலிதியம் வரைக்கும் கொஞ்சம் எட்டிப் பிடிக்கலாம். காபனும் ஒட்சிசனும் அந்த அவசரத்தில் உண்டாக முடியாது.

தொடக்கம் இல்லாத அண்டம்

அதே 1948 இல் இங்கிலாந்தில் பொண்டி, கோல்ட், பிரெட் ஹொயில் என்ற மூவர் தொடக்கமே வேண்டாம் என்றார்கள். அண்டம் விரிகிறது, சரி. விரிகிற இடைவெளியில் புதிய சடப்பொருள் மெல்ல மெல்ல உண்டாகிக்கொண்டே இருக்கும். ஒரு கன மீற்றர் இடத்தில் ஏறக்குறைய நூறு கோடி வருடத்துக்கு ஓர் அணு என்ற அளவில் உண்டானால் போதும். ஆகையால் அண்டம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இதற்கு நிலைத்த அண்டக் கொள்கை என்று பெயர். 'பெருவெடிப்பு' என்கிற பெயரையே 1949 இல் பி.பி.சி. வானொலிப் பேச்சில் முதலில் சொன்னவர் இந்த ஹொயில்தான். தான் ஏற்காத கொள்கைக்கு அவர் வைத்த பெயர் அதற்கே நிலைத்துவிட்டது.

தொடக்கத்துச் சூடு இல்லை என்றால் மூலகங்களைச் சமைக்க வேறு அடுப்பு வேணும். அந்த அடுப்பு நட்சத்திரம் என்றார் ஹொயில். ஐந்தும் எட்டும் என்ற அந்த உடைந்த படிகளை எப்படித் தாண்டுவது? மூன்று ஈலியம் ஒன்றாகச் சேர்ந்தால் காபன் வரும். ஆனால் அது நடக்கக் காபன் கருவுக்கு ஒரு குறிப்பிட்ட சக்திநிலை இருந்தே ஆக வேணும் என்று 1953 இல் சொன்னார். கலிபோர்னியாவில் வில்லியம் ஃபௌலரின் ஆய்வுகூடத்தில் தேடிப் பார்த்தார்கள். அந்த நிலை சொன்ன இடத்திலேயே இருந்தது.

1957 இல் மார்கரெட் பேர்பிட்ஜ், ஜெஃப்ரி பேர்பிட்ஜ், ஃபௌலர், ஹொயில் நால்வரும் சேர்ந்து ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். காபனில் இருந்து யுரேனியம் வரை நட்சத்திரங்களில் எந்தெந்த வழியால் உண்டாகும் என்று அதில் வகுத்தார்கள். இன்றைக்கும் அதன் அடிப்படை நிற்கிறது. பெருவெடிப்பை ஏற்கிறவர்களும் அதைத்தான் படிப்பிக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளே, மாற்றுக் கொள்கைக்காரர் வெறும் கதை சொன்னவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் இரத்தத்தில் உள்ள இரும்பு எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அவர்கள் போட்டது.

ஆனால் அந்தக் கட்டுரையிலேயே ஒரு இடம் வெறுமையாக இருந்தது. பார ஐதரசன், இலிதியம், பெரிலியம், போரன் இவற்றை எது உண்டாக்கியது என்று தெரியாதபடியால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அட்சரகணிதத்தில் தெரியாததை எக்ஸ் என்று வைப்போமே, அதே மாதிரி.

ஈலியத்தின் பாரம்

அடுத்த சிக்கல் ஈலியம். நட்சத்திரங்கள் ஐதரசனை எரித்து ஈலியம் ஆக்குகின்றன, அது உண்மை. ஆனால் எங்கட பால்வீதி இன்றைக்கு வீசுகிற ஒளியை ஆயிரம் கோடி வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தாலும், இருக்கிற ஈலியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கணக்கு வரும். மீதி எங்கே சமைந்தது? மாற்றுக் கொள்கைக்காரர் இதற்கு மூன்று விதமாக மறுமொழி சொன்னார்கள்.

முதலாவது மறுமொழி, பழைய காலத்தில் மிகப் பெரிய நட்சத்திரங்கள் இருந்து வேகமாக எரிந்து போயின என்பது. அண்டம் குளிர்ந்த நிலையில் தொடங்கியது என்று வாதிட்ட ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து லேசர் இந்தப் பக்கம் நின்றார். நோபல் பரிசு பெற்ற சுவீடன் அறிஞர் அல்வென் தொடக்கி வைத்த மின்மப் பேரண்டக் கொள்கையை எடுத்துக்கொண்ட எரிக் லேர்னரும் இப்படியே சொன்னார். பால்வீதிகள் உருவாகிற காலத்துப் பெரிய நட்சத்திரங்கள் ஈலியத்தைத் தந்தன. அவற்றில் இருந்து பாய்ந்த அண்டக் கதிர்கள் பார ஐதரசனைத் தந்தன என்பது அவர் வாதம்.

இரண்டாவது மறுமொழி 1993 இல் வந்தது. ஹொயிலும் ஜெஃப்ரி பேர்பிட்ஜும் புனேயைச் சேர்ந்த ஜயந்த் நார்லிகரும் தங்கள் பழைய கொள்கையைத் திருத்தி எழுதினார்கள். ஒரே ஒரு பெரிய வெடிப்புக்குப் பதிலாக, அண்டத்தின் பல இடங்களில் பல காலங்களில் சிறிய வெடிப்புகள் நடக்கின்றன. புதிய சடப்பொருள் அங்கே நெருப்புக் கோளமாகப் பிறக்கிறது. இலேசான மூலகங்களை அந்தக் கோளங்களிலேயே சமைக்கலாம் என்றார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வாதம். 1998 இல் பேர்பிட்ஜும் ஹொயிலும் எழுதியது. ஐதரசன் ஈலியமாக மாறும்போது அதன் நிறையில் 0.7 சதவீதம் சக்தியாக வெளிவரும். அண்டத்தில் உள்ள ஈலியம் முழுவதும் நட்சத்திரத்தில் சமைந்தது என்றால் அவ்வளவு ஒளியும் எங்கேயோ இருக்க வேணும் அல்லவா? அந்த ஒளி முழுவதும் ஆறிப் பரவினால் என்ன வெப்பநிலை வரும் என்று கணக்குப் போட்டால், தனிச்சுழியத்துக்கு மேலே மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 1965 இல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த அண்டப் பின்னணிக் கதிரின் வெப்பநிலையும் அதுவேதான். நீங்கள் பெருவெடிப்பின் மிச்சம் என்று சொல்லுகிற வெக்கை, நட்சத்திரங்களின் பழைய வெளிச்சம்தான் என்றார்கள் அவர்கள். அந்த ஒளியை ஆற்றிப் பரப்ப மிக மெல்லிய இரும்பு இழைகள் விண்வெளியில் இருக்க வேணும் என்றும் சொன்னார்கள். இப்படியான விண்தூசு பற்றி ஹொயிலோடு நெடுங்காலம் உழைத்தவர் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க.

கேட்கிறபோது வாயடைக்கிற வாதம். ஆனால் ஒரு எண் ஒத்து வந்தால் மட்டும் வழக்கு வெல்லாது. மற்றச் சாட்சிகளையும் கூப்பிட வேணும்.

மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி ஒட்சிசன். நட்சத்திரம் ஈலியத்தை மட்டும் சமைத்துத் தந்துவிட்டு நிற்காது. ஒட்சிசனும் கூடவே வரும். ஆகையால் ஒட்சிசன் குறைந்த இடத்தில் ஈலியமும் குறைய வேணும். 1972 இல் சேர்ல், சார்ஜென்ட் என்ற இருவர் சுவிக்கியின் பட்டியலில் உள்ள ஒரு சிறு நீல நிறப் பால்வீதியை ஆராய்ந்தார்கள். அங்கே ஒட்சிசன் சூரியனில் உள்ளதில் முப்பதில், நாற்பதில் ஒரு பங்கு அளவுதான். ஈலியமோ கிட்டத்தட்ட வழமையான அளவில் இருந்தது. அதன் பிறகு இப்படியான பல பால்வீதிகளை அளந்துவிட்டார்கள். ஒட்சிசன் குறையக் குறைய ஈலியம் சுழியத்தை நோக்கிப் போகவில்லை. நூற்றுக்கு இருபத்தினாலரை என்ற இடத்தில் போய் நிற்கிறது. கிணற்றை இறைக்க இறைக்கக் கீழே கல் தட்டுவது மாதிரி. இதற்கும் ஒரு மறுமொழி வந்தது: ஈலியத்தை மட்டும் வெளியே ஊதிவிட்டு, ஒட்சிசனைத் தன்னோடு கருந்துளைக்குள் கொண்டுபோன நட்சத்திரங்கள் இருந்திருக்கலாம் என்று. இருந்திருக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக, இருபத்தினாலரை என்று ஊதிவிட்டுப் போனது எப்படி?

பெருவெடிப்புக் கணக்கில் அந்த எண் தானாக வருகிறது. பிள்ளைகளே, விரல் விட்டுப் பாருங்கோ. அண்டம் ஆறுகிற வேளையில் ஏழு புரோத்தனுக்கு ஒரு நியூத்திரன் என்ற விகிதம் மிஞ்சும். பதினாறு துகளை எடுத்தால் பதினாலு புரோத்தன், இரண்டு நியூத்திரன். இரண்டு நியூத்திரனும் இரண்டு புரோத்தனைப் பிடித்து ஒரு ஈலியம் ஆகும். மிச்சம் பன்னிரண்டு ஐதரசன். பதினாறில் நாலு பங்கு ஈலியம். அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து.

இரண்டாவது சாட்சி பார ஐதரசன். இதை விளங்கிக்கொள்ள அம்மாமாரிடம் போக வேணும். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிறபோது கம்பிப் பதம் வருகிற நேரம் இறக்க வேணும். அந்த நேரத்தை விட்டுவிட்டு அடுப்பில் கிடக்க விட்டால் பதம் தாண்டிப் போய்விடும். பார ஐதரசன் அப்படியான ஒரு பதம். நியூத்திரனும் புரோத்தனும் சேர்ந்து உண்டாகும்; கொஞ்ச நேரம் கூடச் சூட்டில் இருந்தால் ஈலியமாகிவிடும். நட்சத்திரம் இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான வருடம் அடுப்பை அணைக்காது. ஆகவே நட்சத்திரத்துக்குள் போன பார ஐதரசன் திரும்பி வருவதில்லை. சட்டியைச் சில நிமிடத்தில் இறக்கிய அடுப்பு ஒன்றுதான் அதை மிச்சம் விடும். விரிந்து ஆறுகிற அண்டம் அப்படி இறக்கியது.

மாற்றுக் கொள்கைக்காரர் இதற்கும் வழி தேடினார்கள். அண்டக் கதிர் ஈலியத்தை உடைத்தால் பார ஐதரசன் வரும் என்றார்கள். வரும். 1976 இல் எப்ஸ்ரைன், லற்றிமர், ஷ்ராம் மூவரும் இப்படியான வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த வழியால் போதிய அளவு பார ஐதரசன் உண்டானால், கூடவே இலிதியம் அளவுக்கு மிஞ்சிக் குவிந்துவிடும். நாங்கள் காணுகிற இலிதியமோ மிகக் கொஞ்சம். நட்சத்திரத்தின் மேற்பரப்பில் எழும் தீக்கொழுந்துகளில் உண்டாகிறது என்று பேர்பிட்ஜும் ஹொயிலும் 1998 இல் சொன்னார்கள். அதற்கும் ஆதாரம் இருந்தது: 1972 ஆகஸ்டில் சூரியக் கொழுந்துகளில் இருந்து, நியூத்திரனும் புரோத்தனும் சேர்கிறபோது வருகிற காமாக் கதிர் பதிவாகியிருந்தது. ஆனால் உலகத்துப் பார ஐதரசன் முழுவதையும் கொழுந்துகளே தந்தன என்றால் எங்கட பால்வீதியே அந்தக் காமாக் கதிரில் சுடர்விட வேணும். அப்படிச் சுடர்விடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கோ. மிகத் தொலைவில், நட்சத்திரங்கள் அதிகம் தொடாத பழைய வாயு முகில்களில் இலட்சம் ஐதரசனுக்கு இரண்டரை பார ஐதரசன் என்று அளந்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிட்ட, பல தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து இறந்த வாயுவில் ஒன்றரை அளவுதான். நட்சத்திரங்கள் அதை உண்டாக்கியிருந்தால் காலம் போகப் போகக் கூட வேணும். இங்கே குறைந்துகொண்டு போகிறது. அதைவிட, பின்னணிக் கதிரைத் துல்லியமாக அளந்த பிளாங்க் என்ற செய்மதியின் முடிவுகள் 2018 இல் வந்தன. அதில் இருந்து அண்டத்தின் சடப்பொருள் அடர்த்தியைத் தனியாக எடுத்து, பார ஐதரசன் எவ்வளவு இருக்க வேணும் என்று கணக்குப் போட்டால் அதே இரண்டரை வருகிறது. இரண்டு கடையில் இரண்டு தராசில் நிறுத்தும் ஒரே நிறை.

மூன்றாவது சாட்சி வந்த இடம் எங்களில் பல பேருக்குத் தெரிந்த ஊர். முதல் நிமிடங்களில் உண்டாகிற ஈலியத்தின் அளவு, உலகத்தில் எத்தனை வகை நியூத்திரினோத் துகள் உண்டு என்பதைப் பொறுத்தது. வகை கூடினால் அண்டம் வேகமாக விரியும், ஈலியமும் கூடும். ஈலியத்தை வைத்துக்கொண்டு அந்த வகைகள் சிலதான் இருக்க முடியும் என்று 1977 இல் ஸ்ரைக்மன், ஷ்ராம், கன் மூவரும் எழுதினார்கள். 1989 இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், எங்கட சனம் எத்தனையோ தரம் பதாகை பிடித்து நின்ற அந்த நகரத்துக்குப் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே 27 கிலோமீற்றர் வளையத்தில் நடந்த பரிசோதனையில் எண்ணிப் பார்த்தார்கள். மூன்று வகை. வானத்தில் உள்ள ஈலியம் சொன்னதை நிலத்துக்குக் கீழே உள்ள இயந்திரம் உறுதி செய்தது. மாற்றுக் கொள்கைகளில் இப்படி முன்கூட்டிச் சொல்லி நிறைவேறிய எண் இலேசான மூலகங்கள் விசயத்தில் இல்லை.

இரண்டு பக்கமும் பார்த்தால்

அதற்காகப் பெருவெடிப்புக்காரர் எல்லாவற்றையும் வென்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 'எக்ஸ்' கதையின் பாதி வேறு பக்கம் முடிந்தது. 1970 இல் ரீவ்ஸ், ஃபௌலர், ஹொயில் மூவரும், அண்டக் கதிர்கள் விண்வெளியில் உள்ள காபனையும் ஒட்சிசனையும் மோதி உடைப்பதால் பெரிலியமும் போரனும் வருகின்றன என்று காட்டினார்கள். இன்றைக்கும் அதுதான் ஏற்றுக்கொண்ட விடை. முதல் நிமிடங்களுக்கு அதில் பங்கு இல்லை.

இலிதியத்தில் பெருவெடிப்புக்கே தலையிடி இருக்கிறது. 1982 இல் பிரான்ஸ் நாட்டு ஸ்பீற் தம்பதியர் மிகப் பழைய நட்சத்திரங்களின் மேற்பரப்பில் இலிதியத்தை அளந்தார்கள். பெருவெடிப்புக் கணக்குச் சொல்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. அந்த நட்சத்திரங்கள் தாங்களே இலிதியத்தை மெல்ல விழுங்கிவிட்டனவா, கணக்கில் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று இன்னும் ஆராய்கிறார்கள். முடிவு வரவில்லை. நாளைக்கு உங்களில் ஒரு பிள்ளை அதைத் தீர்க்கலாம்.

ஹொயில் 2001 இலும், ஜெஃப்ரி பேர்பிட்ஜ் 2010 இலும், நார்லிகர் 2025 இலும் காலமானார்கள். அவர்கள் கடைசி வரை பெருவெடிப்பை ஏற்கவில்லை. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற ஒன்று 1964 இல் நடந்தது. ஹொயிலும் ரொஜர் ரெய்லர் என்பவரும் ஈலியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதாரண நட்சத்திரங்கள் இவ்வளவு ஈலியத்தைத் தர முடியாது. ஒன்றில் அண்டமே ஒருகாலம் மிகச் சூடாக இருந்திருக்க வேணும், அல்லது மிகப் பெரிய பாரப் பொருட்கள் இருந்திருக்க வேணும் என்று அதில் முடிவு சொன்னார்கள். தன் சொந்தக் கொள்கைக்கு எதிரான கணக்கை ஹொயில் மறைத்து வைக்கவில்லை. தானே போட்டு, தானே அச்சில் ஏற்றினார். 1967 இல் வாகனர், ஃபௌலர் இருவரோடும் சேர்ந்து இன்னும் விரிவாகப் போட்டார். பெருவெடிப்புக்காரர் இன்று பாவிக்கிற கணக்கின் முக்கியமான ஒரு வேர் அவருடையது. அந்த ஃபௌலரும், நான் முதலில் சொன்ன எங்கட சந்திரசேகரும் 1983 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹொயிலுக்கு அது கிடைக்கவில்லை.

நாங்கள் அகதியாய் வந்த சனம். ஆதாரம் என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கடதாசி இல்லாதபடியால் உண்மையான கதை பொய்யாகக் கணக்கிடப்பட்டதை எங்களில் எத்தனையோ பேர் கண்டிருக்கிறோம். சின்னக் கூட்டம் சொல்லுகிறது என்பதற்காக ஒரு விசயத்தைக் கேளாமல் தள்ளக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதே அளவுக்கு, சின்னக் கூட்டம் சொல்லுகிறது, துணிஞ்சு சொல்லுகிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. பெருவெடிப்பு பொய் என்று சொல்லுகிற புத்தகங்களும் ஒளிப்பதிவுகளும் இப்போது கைக்குக் கை போகின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்க்கட்டும்; தடுக்க வேண்டாம். பார்த்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கோ: "பார ஐதரசன் எங்கே சமைந்தது?" அதற்கு எண்ணோடு மறுமொழி இருந்தால் மேலே கேட்கலாம். எண் இல்லாமல் கோபம் மட்டும் இருந்தால் புத்தகத்தை மூடி வைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படி ஒரு கேள்வியோடு வந்தால் "அது கொள்கைதானே" என்று வாயை மூடப் பண்ணாதேங்கோ. எங்களுக்கு விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "கணக்கைக் காட்டு, நானும் பார்ப்பம்" என்று பக்கத்தில் இருத்திக் கேளுங்கோ. அப்படிக் கேட்கிற வீட்டில் வளர்கிற பிள்ளை, பிறகு எந்த மேடையில் எவர் எதைச் சொன்னாலும் கணக்குக் கேட்கும்.

இனிச் சாப்பிடப் போகிறோம். அங்கே குடிக்கிற தண்ணீரில் அந்த ஏழு மில்லிகிராமும் இருக்கும். முதல் சில நிமிடங்களில் இறக்கிய சட்டியில் இருந்து ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம் கழித்து எங்கட தம்ளருக்கு வந்து சேர்ந்த சாமான் அது. கவனமாகக் குடியுங்கோ, சிந்தாதேங்கோ.

பிறந்திருக்கிற புத்தாண்டு உங்கள் வீடுகளுக்கு நலமும், ஊரில் உள்ள எங்கட உறவுகளுக்கு நிம்மதியும் தரட்டும்.

வணக்கம்.